மரக்காணத்து உப்பு சாம்பலான வருஷம்

சென்ற செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மரக்காணத்து உப்பு முழுவதும் சாம்பல் நிறமாயிற்று. கரிப்பில் குறைவில்லை, பரலின் பருமனிலும் மாற்றமில்லை, நிறம் மட்டும்தான். அன்று வெயில் நன்றாகவே அடித்தது, கத்தரிக்காய் கிலோ நாற்பதுக்கு விற்றது, சென்னைப் பேருந்துகள் வழக்கம்போல் நின்று ஆளேற்றிக்கொண்டு போயின. காரணம் யார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அதே ஒன்பதே காலுக்கு, உப்பு வாருகிற வேல்முருகனின் தங்கை இலக்கியா உப்பளச் சாலையில் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி ஒரு படம் எடுத்ததைப் பத்துப் பேராவது பார்த்திருந்தார்கள்.

இலக்கியாவுக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் கல்யாண ஆல்பம் செய்கிற கடை ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளைகளின் முகத்துப் பருக்களை அழிப்பது அவள் வேலை. ஐந்து பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். எதற்கும் பயப்படுகிற சுபாவம். தட்டச்சு செய்ய நேரமில்லாமல் போனிடம் பேசிப் பேசியே குடும்பக் குரூப்புக்குச் செய்தி அனுப்புவாள். அதில் பாதி, சாப்பிட்டேன், கதவைத் தாழ் போட்டேன், பயப்படாதீங்க என்பதாகவே இருக்கும். அம்மா சின்னப்பாப்பா பயப்பட்டதே இல்லை. கடையில் பழைய கேமரா ஒன்றைக் கழித்தபோது இலக்கியா அதை வாங்கிக்கொண்டாள். பூவும் குழந்தையும் சூரிய அஸ்தமனமும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. தெருக்களையும் கட்டடங்களையும், மேம்பாலத்துக்கு அடியில் விழுகிற நிழலையும் எடுக்க ஆசைப்பட்டாள். சென்னையில் அவள் எடுத்த படங்களால் எந்தத் தெருவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் பேர் படமெடுக்கிற தெருக்கள் யாருடைய கண்ணுக்கும் கீழ்ப்படிகிற பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டிருந்தன. மரக்காணத்துத் தெருக்களை அதுவரை யாரும் பொருட்படுத்தி எடுத்ததில்லை. ஆகவே அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எடுக்க ஆரம்பித்ததும், ஊர் படத்தில் எப்படி விழுந்ததோ அப்படியே ஆகிக்கொண்டது.

படமெடுக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவை மூன்று புத்தகங்கள். அண்ணி பூஜா ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரம்மா ஒருத்தி, தூக்க முடியாமல் விட்டுப்போன மூன்று கனத்த போட்டோப் புத்தகங்களை பூஜா சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தாள். அட்டையிலிருந்த பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆகவே அந்த மூன்று மேதைகளும் அந்த வீட்டில் காலித்தெருக்காரர், காத்திருக்கிறவர், மூட்டக்காரர் என்று அழைக்கப்பட்டார்கள்.

காலித்தெருக்காரர் மனிதர்கள் இல்லாத நகரங்களை எடுத்தவர். அவர் படத்தில் ஒரு விளக்குக் கம்பமும் சாய்ந்திருக்காது. இலக்கியா அவரைப்போல பேருந்து நிறுத்தத்தை எடுத்த காலையில், கலியன் டீக்கடையின் பதினோரு வருஷமாகச் சாய்ந்திருந்த கூரை நிமிர்ந்தது, நான்கு மின்கம்பங்களும் ஒரு தென்னையும் நேராயின. படத்துக்குள் நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் கையிலிருந்த டீ சிந்தாமல் கேமராவுக்குப் பின்பக்கம் வந்து நின்றார்கள். கலியன் மட்டும் கடையைக் காணோம் என்று சுற்றுமுற்றும் தேடினான். பிறகு நிமிர்ந்த கூரையைப் பார்த்துவிட்டு, "பின்னாடி கக்கூஸ் செவுரும் சாஞ்சிருக்குது, அதையும் ஒண்ணு எடுத்துடும்மா" என்றான்.

காத்திருக்கிறவர் ஒரு தெருமுனையில் மணிக்கணக்காக நின்று, சரியான ஆள் சரியான இடத்தில் காலெடுத்து வைக்கிற கணத்தை எடுப்பவர். அவர் பாணியில் இலக்கியா கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறிவைத்த அன்று, மீன் விற்கிற அஞ்சம்மாள் தலையில் கூடையோடு சாலையின் நடுவே தரைக்கு அரையடி மேலே ஒரு நிமிஷம் நாற்பது நொடி நின்றாள். இரண்டு பக்கமும் கார்கள் நின்று வழிவிட்டன.

"அடியே இலக்கியா, அமுக்கித் தொலைடி! நெத்திலி கெடுது!"

"இரு சித்தி, நெழலு இன்னும் ஒரு சாண் வரணும்."

"உன் நெழலுல இடி விழ. கீழ எறக்குடி!"

இறக்கிவிட்ட பிறகு பார்த்தால் ஆறு மாதமாக இருந்த முட்டிவலி அஞ்சம்மாளுக்குப் போயிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முட்டிவலிக்காரர்கள் பதினேழு பேர் சாலையோரம் வரிசையில் நின்றார்கள். இலக்கியா எல்லாரையும் எடுத்தாள். அவற்றில் இரண்டு நல்ல படங்கள்.

மூன்றாமவர்தான் அவள் மனதைப் பறித்தவர். மூட்டக்காரர் வடக்கே எங்கோ ஒரு துறைமுக நகரத்தைச் சேர்ந்தவர். கருங்கல் கட்டடங்கள், ஈரச் சாலைகள், பனிமூட்டத்தில் கரைகிற கிரேன்கள், எல்லாமே சாம்பலின் நூறு வகை. அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தாள். தன் ஊரும் அப்படி ஒரு பெரிய நகரம் மாதிரி ஒரே ஒரு படத்திலாவது தெரியவேண்டும் என்பது அவள் ஆசை. முன்னால் உப்புக் குவியல்கள், பின்னால் மொட்டை மாடிகள், செல்போன் கோபுரம் என்று இடத்தைத் தேர்ந்து, வெளிச்சத்துக்குக் கேமரா சொன்ன கணக்கை அப்படியே ஏற்று, பட்டனை அமுக்கினாள். கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலகம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்று அது நம்புகிறது. கண்ணெதிரே வெறும் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று பயந்து இருட்டடித்துவிடும். மூட்டக்காரர் ஊரில் உப்பளம் கிடையாது. அவர் கேமராவோடு சண்டை போடவேண்டி வந்ததே இல்லை. ஆகவே அதைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை.

அந்த வாரம் லாரிகளோடு வந்த வியாபாரி சுப்ராயன் ஒரு பரலை நாக்கில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்பா வேல்முருகா, இன்னா இது? சிமெண்டா?"

"உப்புதாங்க. வாயில வெச்சுப் பாத்தீங்கல்ல?"

"வாய்க்குத் தெரியுது. கடைக்கு வர்ற பொம்பளைங்க கண்ணால இல்ல உப்பு வாங்குறாங்க? நான் எடுத்துட்டுப் போயி எங்க கொட்டுறது? வெள்ளையாவட்டும், சொல்லி அனுப்பு."

லாரிகள் காலியாகத் திரும்பின. ஜனவரியிலிருந்து வாரிச் சேர்த்த உப்பு, நாற்பது குடும்பங்களின் உழைப்பு, பாத்தி ஓரங்களில் மலைமலையாக நின்றது. ஐப்பசி மழைக்குள் அது லாரி ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் கரைந்து, வந்த கடலுக்கே போய்விடும். கடல் மேலே அப்போதே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. வேல்முருகன் வீட்டுக்கு வந்து, கேமராவைக் கழுத்துப் பட்டையோடு பிடித்துத் தூக்கி, இதைப் பாத்தித் தண்ணீரில் முக்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டான். சின்னப்பாப்பா, "முக்கினா அப்புறம் யாருடா திருப்பி வெள்ளையாக்குறது? அங்க வெச்சிட்டு வந்து சாப்புடு" என்றாள். அவன் வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

இலக்கியா சென்னைக் கடையில் பத்து நாள் லீவு சொன்னாள். இப்படி லீவு போட்டால் வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், உப்பு கரைந்துவிடுமோ என்று ஒரு பயம், இரண்டும் சேர்ந்து அவளைத் தூங்கவிடவில்லை. முதலில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளுத்தாள். திரையில் பளீரென்று ஆனது. ஊரில் ஒரு பரலும் மாறவில்லை. ஊர் கேமராவுக்குத்தான் கீழ்ப்படிந்தது. காலித்தெருக்காரர் போல எடுத்துப் பார்த்தாள்: உப்புக் குவியல்கள் கோயில் கோபுரம் மாதிரி நிமிர்ந்தன, சாம்பலாகவே. காத்திருக்கிறவர் போல எடுத்துப் பார்த்தாள்: ஒரு கொக்கு முக்கால் மணி நேரம் காற்றில் நின்றது, சாம்பலாகவே. அதைத் திட்டிக்கொண்டே கீழே இறங்கவிட்டாள்.

ஆறாவது நாள் சென்னைக் கடையிலிருந்து முதலாளி போன் செய்தார். வேலையை விட்டு நிறுத்தத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தாள். அவர், "யம்மா, நீ இல்லாம எல்லா மாப்பிள்ளை வேட்டியும் அழுக்காத் தெரியுது, ஒரு பார்ட்டி சண்டைக்கு வந்துட்டாங்க, சீக்கிரம் வா" என்றார். இலக்கியா போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். மூன்று வருஷமாக எத்தனை ஆயிரம் வேட்டிகளை அவள் வெளுத்திருக்கிறாள்! அத்தனையும் கடையின் போட்டோகிராபர்கள் கேமரா பேச்சைக் கேட்டு அழுக்காக்கிக் கொண்டுவந்தவை. கேமரா சொல்வதற்கு மேலே இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், கூட்டி எடுத்திருந்தால் வேட்டி வேட்டியாக வந்திருக்கும். ஆனால் மூன்று புத்தகங்களின் முன்னுரையிலும், மூன்று மேதைகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதற்கு எதிராக இருந்தது. அதைப் போனில் மொழிபெயர்த்து அவள் மனப்பாடமே செய்திருந்தாள்: உச்சி வெயிலில் எடுக்காதே, வெள்ளையை எரிய விடாதே, எரிந்த வெள்ளையில் எதுவும் மிஞ்சாது.

எதுவும் மிஞ்சாது என்பது சென்னையில் ஒரு படத்தைப் பற்றிய பேச்சு. மரக்காணத்தில் அது ஊரைப் பற்றிய பேச்சு. ஆகவே அவள் வீடு வீடாகப் போய், நாளை பன்னிரண்டு மணிக்கு லாட்ஜ் மாடியிலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்டி எடுக்கப்போகிறேன், என்ன எரியும் என்று எனக்கே தெரியாது, தயவுசெய்து எல்லாரும் வீட்டுக்குள் இருங்கள் என்று சொன்னாள். எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, கட்டி முடிக்காத அந்த மூன்று மாடி லாட்ஜின் மேலிருந்து அவள் பார்த்தபோது, ஊரே தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு தெருவில் நின்றது. முட்டிவலிக்காரர்கள் பதினேழு பேரும் வந்திருந்தார்கள். அஞ்சம்மாள் கூடையில் வஞ்சிரத்தை மேலாக அடுக்கியிருந்தாள். உப்பளத்தில், மிக உயரமான குவியலின் உச்சியில், நீலக் கட்டம் போட்ட லுங்கியோடு வேல்முருகன் நின்றான். இலக்கியா போன் செய்தாள்.

"அண்ணே, எறங்குண்ணே. எரிஞ்சிடப் போற."

"எரிஞ்சா எரியறேன். உப்பு மட்டும் தனியா நிக்குமா? நாங்கதான வாருனோம்? எடு."

"பயமா இருக்குதுண்ணே."

"எனக்கும்தான் இருக்குது. மேல காலு சுடுது, சீக்கிரம் எடு."

அவள் கண்ணைக் கேமராவில் வைத்தாள். சாய்ந்ததும் நேரானதுமான கம்பங்கள், அறுந்து தொங்குகிற கேபிள் வயர்கள், கல்யாண பேனர்கள், மொட்டை மாடிகளில் காயும் பாவாடைகள், குறுக்கே படுத்த நாய், இரண்டு சென்னைப் பேருந்து, அவற்றுக்கெல்லாம் பின்னால் உப்பு. மூன்று புத்தகக்காரர்களும் இத்தனையை ஒரு படத்துக்குள் விட்டிருக்க மாட்டார்கள். எதையும் விலக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒருவரும் ஆடாமல் நிற்கவுமில்லை, கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கேமரா வேண்டாம் வேண்டாம் என்று சிவப்பு விளக்கைச் சிமிட்டியது. இரண்டு ஸ்டாப் கூட்டி, அமுக்கினாள்.

உப்பு வெளுத்தது. கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடியாத அந்தப் பழைய வெள்ளை, ஒரு குவியல் பாக்கியில்லாமல் திரும்பிவந்தது. அதோடு வேறு சிலவும் வெளுத்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேய்ந்தே போயிருந்த பாதசாரிக் கோடுகள் புதிதாகத் தெரிந்தன. கட்சிக்காரர்களின் சட்டைகள் சொட்டு நீலம் போட்டதுபோல் ஆயின. வேல்முருகனின் லுங்கியில் கட்டங்கள் போய் அது வேட்டியாயிற்று. முகங்கள் எல்லாம் முகங்களாகவே இருந்தன, கொஞ்சம் களையாக. எரிந்து ஒன்றும் மிஞ்சாமல் போனது வானம் மட்டும்தான். நீலமும் இல்லை, கடல் மேலே கட்டியிருந்த கருமேகங்களில் ஒரு துணுக்கும் இல்லை; துவைத்து விரித்த துணி மாதிரி வெறும் வெள்ளை. இலக்கியா மாடியிலிருந்து ஓடி இறங்கி, வானம் போய்விட்டது என்று அழுதாள். சுற்றி நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, மேகம் இல்லையென்றால் மழையும் இல்லையே என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டார்கள். கலியன் அன்று மாலைவரை டீக்குக் காசு வாங்கவில்லை.

சுப்ராயனின் லாரிகள் மறுநாளே வந்தன. வானமில்லாத அந்த இருபத்து மூன்று நாளும் மரக்காணத்தில் உப்பு ஏறிக்கொண்டே இருந்தது. ஏற்றுகிறவர்கள் பாட்டுப் போட்டார்கள், பாட்டு பிடிக்காத லாரி டிரைவர்கூட ஹாரனில் தாளம் போட்டார். வெயில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டாலும் வந்தது. சென்னைக்குத் திரும்பிய இலக்கியா இப்போது கடையில் கேமராவும் பிடித்தாள், வேட்டிகள் எடுக்கும்போதே வெளுப்பாக விழுந்தன. குடும்பக் குரூப்புக்கு அவள் பேசி அனுப்பிய செய்திகளில் சாப்பிட்டேன் என்பது மட்டும் மிஞ்சியது.

கடைசி லாரி போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான பிரம்மதேசத்து விவசாயிகள் ஒன்பது பேர் ஐந்து வண்டிகளில் சின்னப்பாப்பா வீட்டு வாசலுக்கு வந்து இறங்கினார்கள். மரக்காணத்தின் வெறும் வானம் அதற்குள் அவர்கள் ஊர்வரை பரவியிருந்தது. அவர்களில் மூத்தவர், "உங்க உப்பு ஏறிடுச்சு, சந்தோஷம். எங்க நாத்து நின்ன எடத்துலயே காயுது. பொண்ணு கொஞ்சம் மனசு வைக்கணுங்க" என்றார். பூஜா எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். இலக்கியா கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்க்கவில்லை. இந்த முறை வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்துக்கொண்டு அண்ணாந்தாள்.

"ஒரு படம் போதும்டி," என்றாள் சின்னப்பாப்பா. "ரெண்டா எடுத்து வெச்சிடாத, வெள்ளம் வந்துடப் போவுது."

ஒன்றுதான் எடுத்தாள். வடகிழக்கு மூலையிலிருந்து மேகங்கள் அடுக்கடுக்காக வந்து அவரவர் இடத்தில் நின்றன, முதல் இடி இடித்தது. விவசாயிகள் வண்டிகளைக் கிளப்பினார்கள். சின்னப்பாப்பா கொடியில் காய்ந்த துணியை வாரிக்கொண்டு உள்ளே போனாள்.