தொலைந்த பதிமூன்றுகள்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். உரிமைக்காரர் என் அண்ணி. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதிக்கோங்க தம்பி, ஆனா விஷயத்த தப்பா எழுதினீங்கன்னா நடுவுல வந்து திருத்துவேன்" என்றார். ஆகவே உங்களுக்கு முன்பே இதை ஒருவர் படித்துவிட்டார். அடைப்புக்குறிக்குள் யாராவது குறுக்கே பேசினால் அது அவர்தான்.

அண்ணிக்கு வேலை, கேமராக்களின் வயிற்றுக்குள் ஓடும் நிரல்களை எழுதுவது. பொத்தானை அழுத்தியதும் ஒரு காட்சி சுருங்கிச் சின்னக் கோப்பாகிறதே, அதைச் சுருக்குவதும் பிறகு பிரித்துக் காட்டுவதும் அவர் பாடு. அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை, கிரேன் ஓட்டுகிறார். ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே கப்பலில் இருக்கும் பெட்டியின் நான்கு மூலைகளையும் கண்ணாலேயே பிடிக்க வேண்டும். எனக்கு வேலை இது, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

முதல் தொடக்கம்: விழித்திரை என்னும் திரையில் விதி தன் விரலால் வரைந்த —

வேண்டாம். எழுதும்போதே கூசியது.

இரண்டாவது தொடக்கம்: அண்ணனின் வலது கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

(கறுப்பு இல்ல தம்பி. படத்துல வெளிறின மஞ்சள்.)

சரி, மஞ்சள். தொடக்கங்களை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

2

துறைமுகத்தில் வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. இந்த முறை டாக்டரம்மா அண்ணனின் விழித்திரையைப் படம் எடுத்துவிட்டு, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையின் நடுப்பகுதிக்கு மிக அருகில் ஒரு வடு.

"இது பழைய தழும்பா இருந்தா பயமில்ல. வளந்துக்கிட்டு வருதுன்னா சும்மா விடக் கூடாது. முன்னாடி எப்பவாவது கண்ணப் படம் எடுத்திருக்கீங்களா?"

எடுத்திருந்தார். சில வருடங்களுக்கு முன்பு மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடையில் எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடை இப்போது இல்லை. பென் டிரைவிலும் வேறு என்னென்னவோ ஏறி இறங்கிவிட்டது. ஆனால் அண்ணி அந்தப் படத்தைத் தன் கணினியில் நகல் எடுத்து வைத்திருந்தார்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. வடுவின் ஓரம் அதே இடத்தில் இருந்தால் அண்ணன் அடுத்த நாளே கூண்டுக்கு ஏறலாம். நகர்ந்திருந்தால் உடனே சிகிச்சை. பழைய படமே இல்லை என்றால், மூன்று மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்து ஒப்பிடும்வரை தரையில்தான் வேலை. அண்ணனுக்குத் தரை பிடிக்காது. "கீழ நின்னா எல்லாரும் என்னவிட உயரமா இருக்காங்கடா" என்பார். ஆள் கொஞ்சம் குள்ளம்.

அண்ணி கோப்பைத் திறந்தார். மேலே ஒரு கீற்று மட்டும் ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே படம் பக்கவாட்டில் நழுவி, பச்சையும் ஊதாவுமாகத் துண்டு துண்டாகக் கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்து, "என் கண்ணா இது?" என்றார்.

3

இங்கே ஒரு கட்டுரை நுழைகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், கதைக்கு இது வேண்டும்.

எங்கள் சித்தப்பாவிடம் வயதைக் கேட்டால் நேராகச் சொல்லமாட்டார். "உங்கப்பாவவிட ரெண்டு வயசு சின்னவன்" என்பார். அப்பாவைக் கேட்டால், "பெரியத்தைக்கு நான் மூணு வயசு இளையவன்." இப்படி ஒருவர் வயது அடுத்தவர் தலையில் நிற்கும். பெரியத்தை ஒரே ஒரு வயதைக் குறைத்துச் சொன்னால் போதும், குடும்பமே ஒரு வயது இளமையாகிவிடும். அவர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். அது வேறு கதை.

சுருக்கப்பட்ட படமும் எங்கள் குடும்பம் மாதிரிதான் என்பது அண்ணியிடம் கற்றது. படத்தைச் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் தன் வெளிச்சம் இவ்வளவு என்று சொல்வதில்லை. முந்தைய கட்டத்தைவிட இவ்வளவு கூட, இவ்வளவு குறைச்சல் என்று மட்டும் சொல்கிறது. அதைச் சொல்லும் எண்களும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதை முதலிலிருந்து படித்து வந்தால்தான் அறிய முடியும். நடுவில் ஒரே ஒரு எண் காணாமல் போனால் பின்னால் வருவதெல்லாம் உளறல்.

இதை அண்ணி எனக்கு விளக்கியபோது காபி ஆறிப்போனது. எனக்குக் கவலையில்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். நான் பார்த்துப் பார்த்து எழுதும் வாக்கியத்தில் பாதியை நீக்கினாலும் யாருக்கும் தெரிவதில்லை. இங்கே ஒரு சிற்றெண் போனால் ஒரு மனிதனின் கண்ணே கலைந்துவிடுகிறது. இப்படிப்பட்ட எழுத்தை எழுதுகிறவர் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறார், நான் அவரிடம் இத்தனை நாள் ரிமோட் எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அண்ணியின் மேல்தான். கதையில் இப்படி ஒருத்தர் வந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நீங்களே பாருங்கள்.

அவர் அந்தக் கோப்பை எண் எண்ணாக விரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இதுல எங்கயுமே பதிமூணுக்குப் பின்னாடி பத்து வரல. இவ்வளவு பெரிய கோப்புல ஒரு தடவையாவது வரணும்."

"வரலன்னா?" என்றார் அண்ணன்.

"யாரோ எடுத்திருக்காங்க." திரையை மறுபடி பார்த்துவிட்டு, "யாரோ இல்ல. நான்தான்" என்றார்.

விஷயம் இது. எழுத்துக் கோப்புகளில் ஒரு வரி முடிந்தது என்று காட்ட, ஒரு பழைய வழக்கம் உண்டு: முதலில் பதிமூன்று, பிறகு பத்து. தட்டச்சுப் பொறியில் உருளையைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, தாளை ஒரு வரி மேலே ஏற்றுவார்களே, அந்த இரண்டு அசைவுகளின் மிச்சம். பிற்பாடு பத்து ஒன்றே போதும் என்று சிலர் முடிவு செய்தார்கள். தன் வேலைக் கோப்புகளை எல்லாம் புது வழக்கத்துக்கு மாற்ற அண்ணி ஒருநாள் குட்டி நிரல் ஒன்றை எழுதினார். பத்துக்கு முன்னால் பதிமூன்று நின்றால் அதைத் தூக்கிவிடு, அவ்வளவுதான் கட்டளை. அது சமர்த்தாக எல்லாக் கோப்புக்குள்ளும் புகுந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதே இடத்தில் அவர் போட்டுவைத்திருந்த கண் படத்துக்குள்ளும் புகுந்தது. படத்தில் பதிமூன்றும் பத்தும் வரிமுடிவு அல்ல, ரத்தக் குழாயும் நிறமும். துப்புரவு செய்யும் நிரலுக்கு அது தெரியுமா?

(இது படமா எழுத்தான்னு கேட்டுட்டு உள்ள போகணும்னு ஒரு வரி எழுதியிருந்தா போதும். எழுதல.)

என் பேனா இங்கே அண்ணியை அழவைக்கத் துடித்தது. ஒரு பத்தி எழுதியும்விட்டேன்: அவர் முகத்தை மூடிக்கொண்டு —

அவர் அழவில்லை. கணவர் பக்கம் திரும்பி, "உங்க படத்த நான்தாங்க கெடுத்திருக்கேன். என் தப்பு. சரி பண்ண முடியுமான்னு பாக்குறேன்" என்றார். அண்ணன், "முடியும்ல?" என்றார். "தெரியல" என்றார் அண்ணி. அவ்வளவுதான் பேச்சு. நான் செய்த தப்பை இவ்வளவு குறைந்த சொற்களில் ஒப்புக்கொள்ள எனக்கு வராது. குறைந்தது ஒரு நாவலாவது ஆகும்.

5

தொலைந்தது என்ன என்று தெரியும்: பதிமூன்று. எங்கே தொலைந்தது என்பதும் பாதி தெரியும்: ஏதோ ஒரு பத்துக்கு முன்னால். ஆனால் கோப்பில் பத்துகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றில் எந்தப் பத்து தன் பதிமூன்றை இழந்தது?

கடையில் கிடைக்கும் நிரல்கள் உளறலைக் கண்டதும் கையை விரித்துவிடும், அல்லது சமாளித்துப் பூசி மெழுகும். அண்ணிக்கு இரண்டும் ஆகாது. படிக்கும் நிரலை அடியிலிருந்து தானே எழுதினார். அது கட்டம் கட்டமாகப் படித்துக்கொண்டு போகும். உளறல் தொடங்கியதும் நின்று, பின்னால் வந்து, வழியில் கடந்த பத்துகள் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பதிமூன்றைச் செருகிப் பார்க்கும். படம் தெளிந்து ஓடினால் அதுதான் இடம். பிறகு அடுத்த உளறல்வரை நடை.

இதை நான் நாலைந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டேன். அண்ணி பல நாள் அலுவலகம் விட்டு வந்து, சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து செய்தார்.

படம் மேலிருந்து கீழாகக் குணமானது. முதல் செருகலில் பச்சை போய் ஆரஞ்சு வந்தது. இரண்டாவதில், நழுவிக் கிடந்த ரத்தக் குழாய் ஒன்று தன் மறுபாதியோடு வந்து சேர்ந்துகொண்டது. அண்ணன் பின்னால் நின்று, "ஏய், அங்க பாரு, கிளை பிரியுது!" என்று கத்தினார். சொந்தக் கண்ணின் உள்ளே இருக்கும் கிளைக்கு அவர் கைதட்டியதை நான் பார்த்தேன். என் புத்தகம் எதற்கும் அவர் கைதட்டியதில்லை.

6

கடைசிப் பதிமூன்றில் சிக்கல்.

அடுத்தடுத்து இரண்டு பத்துகள், நடுவில் சில எண்கள் மட்டும். பதிமூன்றை முதல் பத்துக்கு முன்னால் வைத்தாலும் படம் ஓடுகிறது, இரண்டாவதற்கு முன்னால் வைத்தாலும் ஓடுகிறது. இரண்டிலும் பிழையில்லை. வேறுபடுவது இடையில் அகப்பட்ட நான்கு கட்டங்கள் மட்டும். அந்த நான்கு கட்டங்களில்தான் வடுவின் ஓரம் இருந்தது.

முதல் விதத்தில் ஓரம் இன்று இருக்கும் அதே இடத்தில். இரண்டாவது விதத்தில் அது இன்னும் உள்ளே, வடு சின்னது. அப்படியானால் இடைப்பட்ட வருடங்களில் வளர்ந்திருக்கிறது.

அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதப் படத்தக் குடுத்துடும்மா. அதுவும் உன் நிரல் போட்ட படம்தானே? பொய் இல்லயே?"

"பொய்னு சொல்ல மாட்டேன். உண்மையான்னு எனக்குத் தெரியாதே."

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குல்ல?"

"மீதிப் பாதியும் உங்க கண்ணுதாங்க. வளந்திருக்கறத வளரலன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எந்த நிரல் எழுதினாலும் பார்வை திரும்பி வராது. ஒருதடவ தெரியாம அழிச்சேன். இப்ப தெரிஞ்சே இட்டுக்கட்டணுமா?"

அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். பாத்திரங்களுக்கு அன்று நேரம் சரியில்லை. அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மூன்றாவதாக ஒரு படம் தயாரித்தார். அதில் அந்த நான்கு கட்டங்களும் வெறும் சாம்பல் நிறம். சாம்பலை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வித்தியாசங்களைக் கூட்டி முடித்த பிறகு, ஒன்றும் தெரியாத கட்டத்துக்கு எல்லா இடத்திலும் சுழியம் போட்டால், இந்தப் படமுறையில் தானாக வரும் நிறம் அது: கறுப்புக்கும் வெளுப்புக்கும் சரியாக நடு.

மூன்றையும் அச்செடுத்து ஓர் உறையில் போட்டு, கை துடைத்துக்கொண்டு வந்த அண்ணனிடம் கொடுத்தார். "உங்க கண்ணு. நீங்களே டாக்டர்கிட்ட குடுங்க. நான் கூட வர்றேன்."

7

இந்த இடத்தில் நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) டாக்டர் படத்தைப் பார்க்கிறார், ஓரம் நகரவில்லை. அண்ணன் ஏணிப்படிகளில் ஏறுகிறார், காற்று அடிக்கிறது, கீழே உலகம் —

(ஆ) ஓரம் நகர்ந்திருக்கிறது. நல்ல வேளையாக இப்போதே தெரிந்தது. அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்து —

இரண்டையும் அண்ணியிடம் காட்டினேன். "ரெண்டும் பிழையில்லாம ஓடுது தம்பி" என்றார். பாராட்டு என்று நினைத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

8

ஆகவே நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் அண்ணனால் வண்டி ஓட்ட முடியாது என்று நான் போயிருந்தேன். டாக்டரம்மாவின் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்ததால் உள்ளேயும் போய்விட்டேன்.

அண்ணன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முதல் படம். அதைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார். அண்ணி சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தாளை உறைக்குள் திரும்ப வைத்துவிட்டு, துழாவி, சாம்பல் கட்டம் இருந்ததை எடுத்து நீட்டினார்.

"டாக்டர், இந்த நாலு கட்டம் மட்டும் எங்களுக்குத் தெரியாது. மத்ததெல்லாம் சரி. என் சம்சாரம் ஒவ்வொரு எண்ணாப் பாத்துக் கண்டுபிடிச்சது."

டாக்டர் அதை இன்றைய படத்தின் பக்கத்தில் வைத்தார். "மேலயும் கீழயும் ஓரம் அப்படியே இருக்கு. எனக்கு வேண்டியது இந்த நாலு கட்டம்தான். இங்க என்ன இருந்திருக்கலாம்?"

"ரெண்டு விதமாவும் இருக்கலாம்" என்று அண்ணி மற்ற இரண்டையும் கொடுத்தார். டாக்டர் பார்த்தார். நிதானமாகப் பார்த்துவிட்டு அந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்தார், சாம்பலை மட்டும் வைத்துக்கொண்டார்.

"மூணு மாசம் கழிச்சு வாங்க. நடுவுல நேர்கோடு வளைஞ்சு தெரிஞ்சா உடனே ஓடி வந்துடணும். அதுவரைக்கும் மேல ஏற வேண்டாம்."

"சரிங்க டாக்டர்" என்றார் அண்ணன். வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசி நின்றார். அண்ணி தன் கைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டார். அது பெண்கள் போடும் வகை. அண்ணன் கழற்றவில்லை.

9

மூன்று மாதம் இன்னும் ஆகவில்லை. அண்ணன் தரையில் நின்று, மேலே கூண்டில் இருக்கும் வேறு ஒருவருக்குக் கையசைத்துச் சைகை காட்டுகிறார். எல்லோரும் அவரைவிட உயரமாக இருக்கிறார்கள்.

நேற்று அவரிடம் இதைப் படித்துக் காட்டி, முடிவைக் கேட்டேன். நல்லதாகவே முடித்துவிடவா, கதைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல முடிவு வேணும்னு அவகிட்டயே கெஞ்சினேன், அவ தரல. நீ யாருடா தர்றதுக்கு?"

[இந்த இடம் காலி. அண்ணனுக்கு நல்லதை நினைக்கிறவர்கள் நிரப்பிக்கொள்ளலாம், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் நிரப்பியது நீங்கள்தான் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.]