மூன்று மணி நேரக் கரண்ட்

ஆறு மாடிக் கட்டிடம் அது. மொட்டை மாடி முழுக்கச் சோலார் தகடுகள், கீழ்த்தளத்தில் பீரோ அளவுக்கு ஒரு பேட்டரி, லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பேசும் பெட்டி. கிடைக்கிற கரண்ட்டை எந்த வீட்டுக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கொடுப்பது பெட்டியின் வேலை. குடியிருப்பவர்கள் அதைச் சம்பந்தி என்று அழைத்தார்கள். சண்டை போடவும் முடியாது, உறவை முறித்துக்கொள்ளவும் முடியாது, எதைக் கேட்டாலும் பணிவாகத்தான் கேட்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர்.

சோலார் வந்ததிலிருந்து ஊரே வெயிலைப் பார்த்து நடந்தது. துணி துவைப்பது நடுப்பகலில். ஆபீஸ்கள் திறப்பது வெயில் ஏறிய பிறகு. மேகம் கூடினால் மேனேஜர்களே முதலில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தெருவில் புகை இல்லை. ஜன்னல் கம்பியைத் தொட்ட விரல் கறுக்காமல் திரும்பி வந்தது. இதிலெல்லாம் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. தப்பு நடந்தது கட்டிடத்தின் முதல் கூட்டத்தில். எப்படிப் பங்கிடட்டும் என்று சம்பந்தி கேட்டது. வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் போதும். 'யார் சொல்கிற காரணம் பெரியதோ அவருக்கே முதலில்' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

உலகத்தில் பொய் என்று ஒன்று உண்டு என்பதைச் சம்பந்திக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் அதனிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நான்காம் மாடி வக்கீல் வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பிரசவம் ஆயிற்று. அதில் ஒன்று வக்கீலுக்கே. மூன்றுக்கும் வெந்நீர் தேவைப்பட்டது. ஐந்தாம் மாடிப் பாட்டு டீச்சர், ஏசி நின்றால் தன் தொண்டை வெடித்துவிடும், வெடித்தால் கட்டிடம் தாங்காது என்று சொன்னாள். சம்பந்தி ஓர் இன்ஜினியரை வரவழைத்துத் தூண்களின் பலத்தைச் சோதித்துவிட்டு, ஏசிக்கு நாலு மணி நேரம் ஒதுக்கியது.

இத்தனை பேருக்கு நடுவில் பொய் வராத ஒரே ஆள் இரண்டாம் மாடிப் பல்லுக்காரர். பீங்கானில் பல் செய்து, கரண்ட் சூளையில் சுட்டு, டாக்டர்களுக்கு அனுப்புவது அவர் தொழில். பொய் சொல்ல வாயைத் திறந்தால் காது சிவந்துவிடும். உண்மைதான் வரும், அதுவும் வரக்கூடாத இடத்தில். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு விருந்தில், சொந்தக்காரர்கள் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமனார் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். "மாமா, உங்க மேல்பல்லு நாலும் இன்னும் ரெண்டு வருஷம்கூட நிக்காது" என்று தொழில் புத்தியில் சொல்லிவிட்டார் பல்லுக்காரர். அன்றோடு மாமனார் அவரிடம் பேசுவதை நிறுத்தினார். பற்களும் வீம்புக்கு ஒன்பது வருடம் நின்றன. போன மாதம்தான் நாலும் ஒரே நாளில், ராஜினாமா கொடுத்ததுபோல, உதிர்ந்தன.

இப்போது நாளைக்கு மாமனாரின் இளைய மகளுக்குக் கல்யாணம். போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது என்று அவர் மூத்த மகள், அதாவது பல்லுக்காரரின் மனைவி, மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அளவெடுத்துக் கொடுத்த டாக்டர், மேகமாக இருக்கிறது என்று லீவு போட்டுவிட்டார். ஆகவே இன்று நாலு மணிக்கு மாமனார் நேராக மருமகன் வீட்டுக்கே வந்து பல்லை மாட்டிக்கொண்டாக வேண்டும். ஆனால் பல் இன்னும் சூளைக்குள் போகவில்லை. மூன்று மணி நேரம் ஒரே சீரான சூடு வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். விட்டால் இன்னொரு ஒன்பது வருடம்.

வெயிலைப் பார்த்து ஐந்து நாளாகியிருந்தது. பேட்டரியில் மிச்சம் இருந்ததே நாலு மணி நேரத்துக்குத்தான், மொத்தக் கட்டிடத்துக்கும்.

"ஏங்க, ஆஸ்பத்திரின்னு ஆரம்பிங்க. மத்தது தானா வரும்," என்றாள் மனைவி.

"தானா வராது. எனக்கு வந்ததே இல்ல."

"உங்க காதை அது பார்க்காதுங்க. அதுக்குக் கண்ணு இல்ல. போங்க."

பல்லுக்காரர் லிஃப்டுக்குப் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, மூணு மணி நேரம் வேணும். ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி..."

"ஐயோ பாவம்," என்றது சம்பந்தி. "என்ன வியாதி?"

"பல்லு."

"உயிருக்கு ஆபத்தா?"

காது இரண்டும் சுட்டன. பல்லுக்காரர் பொய்யை அதோடு விட்டுவிட்டார். பிறகு விருந்தில் தொடங்கி, வீம்பாக நின்ற பற்கள் வரை, நடந்தது நடந்தபடி சொன்னார். "அவர் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினாப் போதும். வேற காரணம் இல்ல," என்று முடித்தார்.

சம்பந்தி யோசித்தது. வழக்கமாக அது யோசிப்பதில்லை.

"இந்தக் கட்டிடத்துல இவ்வளவு சின்னக் காரணத்தை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. எந்த வரிசையில வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. எல்லா வீட்டுலயும் கேட்டுடறேன்," என்றது. கேட்கவும் கேட்டது, பல்லுக்காரர் சொன்னதைச் சொல் மாறாமல், ஆறு மாடிக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பி.

பல்லுக்காரர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. வக்கீலும் பாட்டு டீச்சரும் நின்றிருந்தார்கள்.

"சார், இப்படி ஒரு சரக்கை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார் வக்கீல்.

"சரக்கு இல்ல சார். நிஜமா நடந்தது."

"பாத்தீங்களா டீச்சர்? அந்த மூஞ்சிய அசைக்காம 'நிஜம்'ங்கறாரு. முப்பது வருஷமா கோர்ட்டுல நிக்கறேன், எனக்கு இது வரல. அதுலயும் ஒன்பது வருஷம்னு போட்டாரு பாருங்க. பத்துன்னு போட்டிருந்தா பொய்னு பல்லை இளிச்சிருக்கும்."

"பல்லு வீம்புக்கு நின்னுச்சுன்னாரே, அங்கதான் நான் அழுதுட்டேன்," என்றாள் டீச்சர். "ஒரு வார்த்தையும் நம்பல. ஆனா வித்தைக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல? என் ஏசிய எடுத்துக்குங்க."

"என் பிரசவத்தையும் தள்ளி வச்சிட்டேன்," என்றார் வக்கீல்.

பல்லுக்காரர் மறுபடி நிஜம் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி பின்னாலிருந்து அவர் முழங்கையைக் கிள்ளினாள். உண்மையைச் சொல்லாமல் அவர் வாயை மூடிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு மணிக்குச் சூளை சிவந்தது. கட்டிடத்தில் எல்லா வீட்டிலும் விசிறி நின்றது, லிஃப்டும் நின்றது. ஆறாம் மாடிக்காரர்கள் படியேறிக்கொண்டே, தாங்கள் சொன்ன பொய்களில் எது இதற்குப் பக்கத்தில் வரும் என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒன்றும் வரவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்று மணிக்குப் பல்லுக்காரர் பற்களை வெளியே எடுத்து, ஆறவைத்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். விரிசல் இல்லை. பேட்டரியிலும் ஒன்றும் மிச்சமில்லை.

நாலு மணிக்கு மாமனார் வந்தார். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி மகளிடம், "லிஃப்ட் ஏன் ஓடலன்னு கேளு," என்றார்.

"கரண்ட் இல்லைன்னு சொல்லு," என்றார் பல்லுக்காரர்.

மகள் இரண்டையும் ஒரு சொல் குறையாமல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சேர்ப்பித்தாள். ஒன்பது வருடப் பழக்கம். பிறகு கரண்ட் குக்கர் கூப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். கரண்ட் இல்லாத வீட்டில் குக்கர் கூப்பிட முடியாது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

பல்லுக்காரர் பற்களைக் கழுவி, மாமனார் வாயில் பொருத்தி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். மாமனார் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். போட்டோவுக்குச் சிரிப்பதுபோல ஒன்று செய்து பார்த்தார். சமையலறைப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். கடைசியில் கண்ணாடிக்குள் தெரிந்த மருமகனைப் பார்த்தார்.

"இடது ஓரத்துல இடிக்குது," என்றார்.

பல்லுக்காரர் பற்களைக் கழற்றி வாங்கி, ஓரத்தைப் பார்த்தார். நெல் உமி அளவுக்கு ஒரு மேடு. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். அவர் ஒரே ஓர் இழுப்பு, அதையும் பாதியாக இழுத்து, மறுபடி மாட்டினார்.

"இப்ப எப்படி இருக்கு மாமா?"

"பரவால்ல. இன்னும் கொஞ்சம் இடிக்குது."

"எந்த இடத்துல மாமா?"

"இங்கதான், இந்த ஓரத்துல. சரியாப் பாருங்க மாப்பிள்ளை."

பல்லுக்காரர் சரியாகப் பார்த்தார். பிறகு இன்னொரு பாதி இழுப்பை நாலாகப் பிரித்து, அவசரமே இல்லாமல் உரசத் தொடங்கினார்.