தரையைத் தொடாத கங்காணி

மலையரசன் ரெஸ்லிங் கம்பெனி நடந்த பதினோரு ஆண்டுகளில் கங்காணியின் முதுகு ஒரு முறைகூட மேடையைத் தொட்டதில்லை. நான்கு விரல் உயரத்தில் காற்றிலேயே நின்றுவிடும். அடியில் கையை விட்டுப் பார்த்தவர்கள் பூப்பாறையில் இன்றும் இருக்கிறார்கள். கை தாராளமாகப் போய் வந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மற்றபடி அந்தக் கம்பெனியில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. மழை பெய்தால் ஆட்டம் நின்றது, வெயிலடித்தால் நடந்தது.

கம்பெனியைத் தொடங்கியவர் அஷ்ரஃப். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் மெத்தைக் கடை வைத்திருந்தார். டிவியில் ரெஸ்லிங் பார்த்தபோது அவர் கண்ணுக்குத் தெரிந்தது பயில்வான்கள் அல்ல, அவர்கள் விழுந்த மெத்தை. அதைவிட நல்ல மெத்தை தன் கடையிலேயே இருக்கிறது என்று தோன்றியது. 2013இல் நான்கு தூண், மூன்று சுற்றுக் கயிறு, மூன்றடி உயர மேடை என்று ஆரம்பித்தார். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் முதல் நாளே பேசி முடிவாகிவிடும். பாலக்காட்டுப் பக்கம் கூட்டம் சேரவில்லை. ஆகவே தேயிலை எஸ்டேட்டுகள் இருக்கும் பூப்பாறை மலைக்கு ஏறினார். எஸ்டேட் ஜனங்களிடம் விசாரித்ததில், அடிவாங்குவதைப் பார்க்க அவர்கள் விரும்பும் ஆள் கங்காணி ஒருவர்தான் என்று தெரிந்தது. வேலைக்கு ஆள் பிடித்து, வரிசையில் நிறுத்தி, மேய்த்த பழைய காலத்துக் கங்காணிகள் போய் வெகுநாளாகிவிட்டது. பேர் மட்டும் போகவில்லை. கொழுந்துக் காட்டில் பின்னால் நின்று விரட்டுகிறவரை இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள். அஷ்ரஃப் கொழிஞ்சாம்பாறைத் தையல்காரரிடம் ஒரு கறுப்புக் கோட்டு தைத்தார். புதுத் துணி, புதுப் பித்தான். யாருடைய பழைய கோட்டும் அல்ல. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், பிற்பாடு பலரும் பல கதை கட்டினார்கள்.

கோட்டை மாட்டிக்கொண்டு கங்காணியானவன் சுடலைமணி. பூப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில், வரிசை வீடு ஒன்றில், குடியிருந்தான். தேயிலை ஃபாக்டரியில் மூட்டை தூக்கியவன், நூற்றுப் பத்துக் கிலோ, ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன். அவனைத் தோற்கடிக்க வேண்டிய கதாநாயகன் போடியிலிருந்து வந்த வீரபாண்டி. முதுகு மெத்தையில் பட்டுக் கிடக்கும்போது மூன்று எண்ணி முடித்தால்தான் தோல்வி. அப்படி எண்ணுவதற்கு மிக்கேல்ராஜ். இவர் முப்பது வருஷம் கொழுந்து நிறுத்தவர். தராசில் கால் கிலோகூடக் குறைத்து எழுதாதவர் என்று பெயர் வாங்கியவர். அந்த நேர்மைக்காகவே அஷ்ரஃப் அவரை ரெஃப்ரியாக வைத்தார். வாழ்க்கையில் தான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டத்திலேயே வீரபாண்டி கங்காணியைத் தூக்கிப் போட்டு மேலே படுத்துக்கொண்டான். மிக்கேல்ராஜ் குனிந்து பார்த்தார். கன்னத்தை மெத்தையில் வைத்துப் பார்த்தார். கங்காணியின் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே எதிர்ப்பக்கத்து ஜனங்களின் கால்கள் தெரிந்தன. அவர் எண்ணவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தார்கள். பிறகு மழை வந்தது.

அஷ்ரஃப் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க மிக்கேலண்ணா, மூணு எண்ணறதுக்கு என்னங்க கஷ்டம்? கைய மூணு வாட்டி தட்டுனா முடிஞ்சுதுங்க."

"முதுகு படலையே மொதலாளி. படாததப் பட்டுச்சுன்னு நான் எப்படி எண்ணுவேன்?"

அதற்குப் பிறகு அஷ்ரஃப் செய்து பார்க்காதது இல்லை. சுடலைமணியின் இடுப்பில் மணல் பை கட்டினார். மணலும் சேர்ந்து மேலே நின்றது. மூன்று பயில்வான்களை ஒருவர்மேல் ஒருவராகப் படுக்கவைத்தார். நான்கு பேரும் நின்றார்கள். காற்றில் படுத்தபடி அதில் ஒருவன் தூங்கியும் போனான். அடியில் ஜாக்கி வைத்து மேடையை உயர்த்தினால், உயர்த்திய அளவுக்கு அவனும் உயர்ந்தான். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அங்கே கட்டிலில் ஒழுங்காகப் படுத்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தான். முதுகெலும்பு எல்லோருக்கும் இருப்பது போலத்தான் இருந்தது. வீட்டில் பாயில் படுத்தால் பாய் கசங்கியது. கங்காணி கயிற்றுக்கு வெளியே போனதால் தோற்றார் என்று சாந்தன்பாறையில் ஒரு தடவை மைக்கில் அறிவித்துப் பார்த்தார்கள். வெளியே போவது தோல்வியில்லை, கங்காணி எப்போதும் வெளியேதான் நிற்பார் என்று சொல்லி ஜனங்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஆனாலும் மறுமாதம் வந்தார்கள். அதுதான் அஷ்ரஃபுக்கு ஆத்திரமாக இருந்தது. வராமல் இருந்திருந்தால் கடையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். காந்தலூரிலிருந்து, ஆனைக்கரையிலிருந்து, ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேராக நெருக்கியடித்து வந்தார்கள். இன்றைக்காவது விழுவான் என்று உட்கார்ந்திருந்தார்கள். விழவில்லை என்றதும் மேடையிலிருந்த எல்லோரையும் வைதுவிட்டுப் போனார்கள்.

வசவெல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்தது முருகேஸ்வரியிடம். அவள் சுடலைமணியின் மனைவி. இருபது வருஷமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். ஆட்டம் பார்க்க ஒருநாளும் போனதில்லை. கொழுந்துக் காட்டில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிரை காலியாகக் கிடக்க ஆரம்பித்தது. டீ குடிக்க உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள், உன் புருஷன் ஒரே ஒரு தடவை விழுந்தால் என்ன குறைந்துவிடும் என்று. முருகேஸ்வரி வீட்டுக்கு வந்து அதையே சுடலைமணியிடம் கேட்டாள். அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"நான் விழத்தான் செய்யுதேன், முருகேசு. தரைதான் என்னைய வாங்க மாட்டேங்கு."

2018இல் வேஷத்தை மாற்றிப் பார்த்தார்கள். கோட்டு வீரபாண்டிக்குப் போனது. சுடலைமணி கூடை சுமக்கும் தொழிலாளியாக வந்தான். கோட்டு மாட்டிய வீரபாண்டியும் நான்கு விரலில் நின்றான். தொழிலாளியான சுடலைமணி மூன்றாவது நிமிஷமே மெத்தையில் தொப்பென்று விழுந்து தோற்றுப்போனான். கூட்டம் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்தது. அந்த மாதிரி அமைதியை அதற்குமுன் கேட்டதில்லை என்று மிக்கேல்ராஜ் சொன்னார். மறுமாதமே கோட்டு சுடலைமணியிடம் திரும்பி வந்தது. கோட்டில்லாமல் ஆடவைத்தால் அது கங்காணியே இல்லை, நம்ம சுடலைமணி என்றார்கள். வேறு கோட்டு தைத்தால் அதுவும் அப்படியே. பிறகு கொரோனாவில் இரண்டு வருஷம் மேடை கழற்றிக் கிடந்தது. திரும்பத் தொடங்கும்போது அஷ்ரஃப் கங்காணியையே ஒழித்துவிட்டு, புலித்தோல் போர்த்திய ஒருவனை இறக்கினார். வந்தவர்கள் நாற்பத்தோரு பேர். அதில் பதினோரு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

இப்படியே 2024 பங்குனி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூப்பாறைக்கு மேலே எஸ்டேட் மைதானத்தில் ஆட்டம். வழக்கம்போல வீரபாண்டி கங்காணியைப் போட்டு மேலே படுத்துவிட்டான். அவனுக்கும் முடி நரைத்துவிட்டது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். மிக்கேல்ராஜ் வழக்கம்போலக் கன்னத்தை மெத்தையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அஷ்ரஃப் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அப்போது முருகேஸ்வரி கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள். அன்று காலையில் பைப்படியில் அவள் குடத்தை வைத்ததும் மற்றக் குடங்களெல்லாம் நகர்ந்திருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் ஏறினாள். வீரபாண்டியைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க" என்றாள். அவன் எழுந்தான்.

அவள் புருஷனை அமுக்கவில்லை. கும்பிடவும் இல்லை. கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"கைய மேல தூக்குங்க."

சுடலைமணி கிடந்தபடியே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டினான். முருகேஸ்வரி கால்மாட்டுக்குப் போனாள், இரண்டு கணுக்கால்களையும் பிடித்தாள், தலையணையை உறையிலிருந்து உருவுவது போல இழுத்தாள். இருபது வருஷம் கூடை சுமந்த உடம்பு அது. சுடலைமணி கோட்டிலிருந்து வழுக்கி வெளியே வந்தான். வந்த வேகத்தில் நூற்றுப் பத்துக் கிலோவும் மெத்தையில் விழுந்தது. மேடைப் பலகை அதிர்ந்தது. அவன் அசையாமல் கிடந்தான். பிறகு வானத்தைப் பார்த்து, "வலிக்கு" என்றான். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

வீரபாண்டி அவசர அவசரமாக மேலே படுத்தான். மிக்கேல்ராஜ் முதுகுக்கு அடியில் கையை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொரு பக்கமும் பார்த்துவிட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. கோட்டில்லாமல் விழுந்தது சுடலைமணிதானே, கங்காணி எப்படி ஆகும் என்று ஒருவன் பின்னாலிருந்து கேட்டான். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கை தட்ட ஆரம்பித்தான். கைத்தட்டல் ஐந்து மணிவரை நீடித்தது. மறுநாள் கொழுந்துக் காட்டில் முருகேஸ்வரிக்கு இடமும் வலமும் ஆள் இருந்தார்கள். ஒருத்தி தன் வெற்றிலையைக் கிள்ளிப் பாதி கொடுத்தாள்.

கோட்டு மட்டும் கீழே வரவில்லை. கைகளை விரித்தபடி, பித்தான் திறந்து, அதே இடத்தில் நின்றது. அஷ்ரஃப் பிடித்து இழுத்தார், தொங்கினார், கொழிஞ்சாம்பாறைத் தமிழில் வாய்க்கு வந்தபடி வைதார். கடைசியில் மேடையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு மெத்தைக் கடைக்கே போய்விட்டார். அடியில் மேடை இல்லாவிட்டாலும் கோட்டு தரையிலிருந்து மூன்றடி நான்கு விரல் உயரத்தில் நிற்கிறது. அகற்றச் சொல்லிப் பஞ்சாயத்திலிருந்து வந்த கடிதத்துக்கு, வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அஷ்ரஃப் பதில் எழுதினார். இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, மைதானத்தின் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனார்கள். கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் அந்தப் பக்கம் ஃபீல்டர் நிறுத்துவதில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் சோற்றுத் தூக்கையும் குடையையும் அதன் கைகளில் மாட்டிவிட்டுக் காட்டுக்குள் போகிறார்கள். எவ்வளவு மாட்டினாலும் தாழ்வதில்லை. இன்னும் கொஞ்சம் உயரத்தில் நின்றிருக்கலாம், நாய் எட்டிவிடுகிறது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு குறையில்லை.