வெட்டிய எட்டு விநாடி

திருக்கோவிலூர் பழனியை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த ஆளை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் கல்வராயன் மலையில் ஒரு படம் எடுத்தார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று எங்கள் பக்கத்துப் பெண்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். அதில் ஒருத்தி கண்ணகி. பாட்டில் கதாநாயகன் நடந்து வர, புல்லுக்கட்டுச் சுமையோடு திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். எட்டு விநாடி. படம் வெளிவருவதற்குள் அவள் என் மனைவியாகிவிட்டாள்.

நான் தியாகதுருகம் கொட்டகையில் ஆப்பரேட்டர். பெட்டி வந்ததும் ரீலை ஓட்டிப் பார்த்து, கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டுவோம். எவ்வளவு வெட்டினோம் என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். என்னைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. கிழியாத இடத்தில் கத்தரியை வைத்தேன்.

மறுநாள் ஆசையாகப் படம் பார்க்க வந்தாள். படமெடுத்தவர்களே தன்னை வேண்டாமென்று தூக்கிவிட்டதாக நினைத்து வீட்டில் அழுதாள். வெட்டியது நான்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. துண்டைக் கொளுத்தவும் மனம் வரவில்லை. பவுடர் டப்பாவில் போட்டு, மெழுகால் அடைத்து, பரண்மேல் ஒளித்தேன்.

போன வருடம் சென்னையிலிருந்து தமிழ்மொழி என்ற பெண் வந்தாள். பழைய படங்களைச் சீர்செய்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்க்கும்படி மீட்டெடுப்பது அவள் வேலை. அந்தப் படத்தின் நெகட்டிவ் வீணாகிவிட்டதாம். எங்கள் கொட்டகையில் ஓடிய பிரிண்ட் மட்டும் ஒரு குடோனில் கிடைத்ததாம். பாட்டில் ஓரிடம் குதிக்கிறது, துண்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையென்றேன். அந்தக் கதாநாயகன் செத்துப் பல வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

"பரவால்லைங்க. திருக்கோவிலூர்ல பழனின்னு ஒரு ஆப்பரேட்டர் அதே துண்ட வச்சிருக்காரு. அந்தப் பொண்ணு சிரிப்பு புடிச்சிப்போயி, அங்க ஓடுன பிரிண்ட்லேர்ந்து வெட்டி எடுத்துக்கினாராம்" என்றாள்.

என் பெண்டாட்டியின் சிரிப்பு இத்தனை வருடமாக இன்னொருவன் வீட்டில்! அது என் மனைவி என்று உளறிவிட்டு, பரணில் ஏறி டப்பாவை இறக்கினேன். என்னுடையதைத்தான் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். திறந்ததும் புளித்த நாற்றம். பிலிம் சுருங்கி ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. காற்றுப் புகாமல் அடைத்தால் பிலிம் தன் புளிப்பிலேயே கெட்டுவிடுமாம். பழனி காற்றாட ஆணியில் தொங்கவிட்டிருந்தாராம். தினமும் பார்த்திருப்பான்.

டப்பா விஷயம் கண்ணகிக்குத் தெரிய வேண்டாமென்று தமிழ்மொழியைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் படத்தைத் திரையிட்டபோது தமிழ்மொழியே வந்து எங்களை அழைத்துப் போனாள். பாட்டு வந்தது. பத்தொன்பது வயதுக் கண்ணகி திரை முழுக்கச் சிரித்தாள். கல்லூரிப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். பக்கத்தில் இருந்தவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இம்மாம் வருசமா யாருங்க இத பத்திரமா வச்சிக்கினு இருந்தது?"

நான்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் கடைசியில் திரையில் பழனி பெயரைப் போடுவார்களே.

"பழனின்னு ஒருத்தரு" என்றேன்.

"நல்லா இருக்கணும் அந்த மனுசன்" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதுவும் பழனிக்காக.