பத்தொன்பதாம் மூட்டை

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பது ஆளா, மிஷினா என்று பார்க்க மாட்டேன். இரண்டுக்கும் ஒரு தட்டு உண்டு. மிஷின் உடனே ஓட ஆரம்பித்துவிடும். ஆட்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சின்ன வயதிலேயே அண்ணன் எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்துவிட்டான். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தெருவில் சலவைக்கடை நடத்துகிறேன், இப்போது தெருவுக்கே அந்தப் பெயர் தெரியும்.

தெருமுனையில் வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. மாடியில் முப்பது கட்டில். பெயருக்கு ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறது, தாங்கிப் பிடிப்பது எங்கள் தெரு. பேக்கரிக்காரர் காலையில் ரொட்டி அனுப்புவார். முடிதிருத்துபவர் செவ்வாய்க்கிழமை தன் கடையை மூடிவிட்டுக் கத்தரியோடு அங்கே போய்விடுவார். கட்டில் ஆடினால் தச்சர் வந்து நிற்பார். துணி என் பாடு.

அங்கிருந்து வேனில் எனக்கு இரண்டு விதமான மூட்டை வரும், கடையை விட்டு நான் அங்கே போவது அபூர்வம். நீல மூட்டையில் ஊரார் கொடுத்த பழைய துணி இருக்கும். துவைத்து மடித்து அனுப்பினால் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வெள்ளை மூட்டையில் அங்கே தங்கியிருப்பவர்களின் சொந்தத் துணி. அதன் மேல் பெயர் இருக்காது, கட்டில் எண் மட்டும்தான். யார், எவர், ஏன் வந்தாய் என்று யாரையும் கேட்கக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம்.

இதையெல்லாம் ஞாயிறு தவறாமல் அண்ணனிடம் அளப்பேன். காலை பதினோரு மணிக்கு அவன் போன் வரும். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அண்ணி போன பிறகு நகரத்தின் அந்தக் கோடியில் மகன் வீட்டில் இருந்தான். மகன் நலம், மருமகள் நலம், பேரன் குறும்பு என்று அவன் இரண்டு நிமிஷம் பேசுவான். மீதி இருபது நிமிஷம் நான். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து வெடிப்பேன்.

"இவங்களுக்கெல்லாம் கூடப்பொறந்தவங்களே இல்லையா அண்ணே? எங்க போய்த் தொலைஞ்சாங்க?"

"விடு பட்டாசு. அவங்களுக்குத் தெரியாம இருக்கும்."

"தெரியாதாம்! கூடப்பொறந்தவன் தெருவுல நிக்கிறது தெரியாம தொண்டையில சோறு எப்படி இறங்குது?"

அண்ணன் சிரிப்பான். "சரி, மூச்சு விட்டுக்கோ" என்பான்.

போன வியாழக்கிழமை மத்தியானம் வெள்ளை மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் எண் மூட்டையிலிருந்து ஒரு கட்டம் போட்ட சட்டை வந்தது. பையில் ஏதும் இருக்கிறதா என்று தடவிவிட்டுச் சட்டையை உதறினேன். சட்டையின் இடது கை வலது கையைவிட இரண்டு விரற்கடை குட்டை. உள்பக்கம் மடித்து, இரட்டைத் தையல் போட்டிருந்தது.

அந்தத் தையல் என்னுடையது. வேலையில் விழுந்து அண்ணனுக்கு இடது முழங்கை சரியாக நீளாமல் போனது. அன்றிலிருந்து அவன் எந்தச் சட்டை வாங்கினாலும் முதலில் என் தையல் மிஷினுக்குத்தான் வரும். முப்பது வருஷமாக அந்த இடது கையை நான்தான் குட்டையாக்குகிறேன்.

எனக்கு உடனே வந்தது கோபம்தான், வேறொன்றும் இல்லை. சட்டை கிழியவில்லை, சாயம் போகவில்லை. மருமகள் அதைத் தானமாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள், காப்பகத்தில் யாரோ கவனமில்லாமல் நீல மூட்டைக்குப் பதில் வெள்ளை மூட்டையில் திணித்திருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்தேன். ஒரு கையில் இஸ்திரிப்பெட்டியோடு இன்னொரு கையால் அண்ணன் மகனைப் போனில் கூப்பிட்டேன்.

"டேய், உன் பொண்டாட்டிக்குக் கை ரொம்ப நீளமா? உங்கப்பா சட்டையைத் தானம் பண்ணியிருக்கா!"

"எந்தச் சட்டை அத்தை?"

"கட்டம் போட்டது. நான் கை மடிச்சுத் தைச்சது. உங்கப்பாவைக் கேட்டீங்களா, இல்ல அவரையும் பழைய சாமான்ல சேர்த்துட்டீங்களா?"

"அத்தை, அப்பா சட்டை எங்க வீட்ல எப்படி இருக்கும்? அப்பா உங்ககூடதானே இருக்காரு?"

எனக்குப் புரியவில்லை. "என்னடா சொல்றே?" என்றேன்.

"நாங்க மாற்றலாகி வேற ஊருக்கு வந்து அஞ்சு மாசமாச்சே. இங்க ஒரே ரூம். தங்கச்சி வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு, நான் அங்க போயிடறேன்னு அப்பாதான் சொன்னாரு. வாரா வாரம் பேசறேன். அத்தை கடையில பிஸின்னு சொல்வாரு." அவன் குரல் தாழ்ந்தது. "ஏன் அத்தை, அப்பா உங்களுக்குத் தொந்தரவா இருக்காரா?"

"இல்லடா. நான் பேசினதை அப்பாகிட்ட சொல்லாதே" என்று மட்டும் சொல்லி வைத்தேன். கருகல் வாடை வந்தது. கடை தொடங்கிய நாளிலிருந்து ஒரு துணியைத் தீய்த்ததில்லை. அன்றைக்கு ஒரு தலையணை உறை இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் எரிந்தது.

சட்டையை மறுபடி பார்த்தேன். அது தவறான மூட்டையில் வரவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "உன் மாடி ரூம்ல யாராவது இருக்காங்களா?" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏன், பெட்டியைத் தூக்கிட்டு வரப்போறியா? அங்க சோப்பு மூட்டைக்கே இடம் பத்தல. வந்தா உன்னையும் மிஷின்ல போட்டு அலசிடுவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். அதே மூச்சில் காப்பகத்தின் புகழ் பாடினேன்: சுத்தமான போர்வை, கேள்வி கேட்காத மனுஷர்கள். வழியையும் நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மிஷினை நிறுத்தாமல் காப்பகத்துக்கு ஓடினேன். நுழைவாசலில் உதவுகிறவர்களின் பலகை. முதல் வரியில் என் கடைப் பெயர். அதைத் தாண்டித்தான் தினமும் போய் வந்திருக்கிறான். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அலமாரியில் போர்வை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பது யாரு அக்கா?"

"பட்டாசு, இங்க இருக்கிற சட்டம் உனக்குத் தெரியாததா? சொல்ல மாட்டேன்."

"நான் தெரிஞ்சுக்கிட்டேன். அது எங்க அண்ணன்."

கையிலிருந்த போர்வையை அக்கா கீழே வைத்தார். "அவரு துணியை மூட்டையில போடவே மாட்டாரு" என்றார். "எவ்வளவு சொன்னாலும் தானே துவைச்சுப்பாரு. என்னடா இந்த மனுஷன்னு நினைப்பேன். இந்த வாரம் காய்ச்சல். பக்கத்துக் கட்டில்காரர் உதவி பண்றேன்னு அவர் சட்டையையும் எடுத்துப் போட்டுட்டாரு."

என் கண்ணில் படக் கூடாது என்று ஐந்து மாதமாகக் கையால் துவைத்திருக்கிறான், நீளாத அந்தக் கையால். நான் துவைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். ஞாயிறு வந்தால், கூடப்பிறந்தவர்களை நான் காறித் துப்புவதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். போர்வைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்பவே மேல போறேன்" என்று எழுந்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போகாதே. சொந்தக்காரங்க கண்டுபிடிச்சிட்டாங்கன்னு தெரிஞ்சா அடுத்த நாளே பையை எடுத்துட்டுப் போயிடுவாங்க. மூணு பேர் அப்படிப் போயிருக்காங்க. ஒருத்தர் எங்க இருக்கார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. இங்க இருக்கிற வரைக்குமாவது ஒரு கூரை இருக்கு."

என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டேன். சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பத்தொன்பதாம் மூட்டையில் ஒன்றும் தெரியாததுபோல் திருப்பி அனுப்பினேன். மாடி அறையிலிருந்து சோப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். தச்சர் எதற்கு என்று கேட்காமல் ஒரு கட்டில் கொண்டுவந்து போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வேன்காரர் கொண்டுபோகும் போர்வைகளை நானே சுமந்துகொண்டு போனேன். அண்ணனைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவது என்றுதான் எண்ணம். அலமாரியைத் திறந்தபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. மணி பதினொன்று.

"என்ன பட்டாசு, எப்படி இருக்கே?"

காதில் கேட்ட குரல் இன்னொரு பக்கத்திலிருந்தும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னலை ஒட்டி, முதுகைக் காட்டியபடி அண்ணன் நின்றிருந்தான். அதே கட்டம் போட்ட சட்டை. கழுத்து மெலிந்து, காலர் இரண்டு கழுத்துக்குப் போதும் என்கிறமாதிரி நின்றது.

"நல்லா இருக்கேண்ணே. அங்க எல்லாரும்?"

"எல்லாரும் நலம். பேரன் இப்பதான் வெளிய விளையாடப் போனான். மருமக டீ போட்டுக்கிட்டிருக்கா, வாசனை இங்க வரைக்கும் வருது." சுவரைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னான். "என்ன இன்னிக்கு யாரையும் திட்டக் காணோம்?"

வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும். பல்லைக் கடித்தேன்.

"அண்ணே, மாடி ரூமைக் காலி பண்ணிட்டேன். கட்டில் போட்டாச்சு."

ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டிருந்த அவன் கை நின்றது. "எதுக்கு?"

"நீ கேட்டியே."

"அது எப்பவோ கேட்டது. சும்மா கேட்டேன்." காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "மகன் விடமாட்டான் பட்டாசு."

"நான் அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னேண்ணே. என் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அவன் மூக்கை உறிஞ்சுவது இரண்டு பக்கமிருந்தும் கேட்டது. கண்ணைத் துடைக்கக் குட்டைக் கையைத் தூக்கினவன், அப்படியே திரும்பிவிட்டான். அலமாரிக் கதவுக்குப் பக்கத்தில், காதில் போனோடு நான்.

முகம் வெளுத்துப்போய்ப் படிக்கட்டைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். எந்தப் பக்கம் ஓடுவது என்று என் அண்ணன் என்னைக் கண்டு வழி தேடினான். அதைப் பார்க்க நான் என்ன பாவம் செய்தேன்!

நான் நகரவில்லை. போனையும் இறக்கவில்லை. அவனும் தன் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

"எப்பலேர்ந்து நிக்கிறே?" என்றான் போனில்.

"மருமக டீ போட ஆரம்பிச்சதிலேர்ந்து."

அவன் உதடு சிரிப்பதற்குத்தான் முயன்றது. முடியாமல் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். வெகுநேரம் கழித்து, "என் பை மேல இருக்கு" என்றான்.

"நீ எந்திரிக்காதே. நானே போய் எடுத்துட்டு வர்றேன்" என்று அவனைத் தாண்டிப் படியேறினேன். "எத்தனாம் நம்பர்னு எனக்குத் தெரியும்."