மொட்டு விட்ட பிறகு ஒரு மேப்பிள் விழா

இந்த வருஷம் பிப்ரவரியிலேயே வெயில் கொளுத்தி, மேப்பிள் மரங்கள் மொட்டு விட்டன. மொட்டு விட்டபின் வடிகிற மரநீரைப் பாகாகக் காய்ச்சினால் அழுக்குக் காலுறையை வேகவைத்த நாற்றம் அடிக்கும். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் இது தெரியாதவன் கிடையாது. ஆனால் எங்கள் இயற்கை மையத்தில் விழா மார்ச் மூன்றாம் சனிக்கிழமை என்று அச்சடித்துவிட்டார்கள். மரம் காலண்டர் பார்க்குமா?

பத்தொன்பது வருஷமாக அங்கே பாகு காய்ச்சுகிறவன் நான், ஆர்வில் டெஸ்மர். என் பாகில் கலப்படம் என்று ஒருவன் சொன்னதில்லை. ஊரில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு பெயர்தான்.

விழாக் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததுமே அந்தக் காலுறை நாற்றம் மூக்கில் அறைந்தது. அடுப்பின் மேல் அகலத் தட்டில் மரநீர் மஞ்சளாக நுரைத்துக்கொண்டிருந்தது. மையத்தின் இயக்குநர் கிரெட்சன், கடைப் பாகு பாட்டில்களைத் திறந்து எங்கள் தகரக் குடுவைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சோளச் சர்க்கரையும் சாயமும் கலந்த சனியன் அது.

"என்ன கண்றாவி இது?"

"கத்தாதீங்க ஆர்வில். நானூறு பேர் வர்றாங்க. அந்த நாத்தத்தையா பான்கேக் அப்பத்து மேல ஊத்தச் சொல்றீங்க? நீங்க அடுப்பு பக்கத்துல நில்லுங்க. ஆவி வந்தா போதும், நீங்க காய்ச்சினதுன்னு நம்பிடுவாங்க."

"யாராச்சும் கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லுங்க. எவன் கேக்கப்போறான்?"

கேட்க ஒருவன் இருந்தான். வால்ட் புரூனிங். தன் வீட்டுக் கொல்லையில் காய்ச்சுகிறவன். என் பாகைப் பத்தொன்பது வருஷமும் குறை சொன்னவன். அவன் நாக்கைத்தான் நம்பியிருந்தேன். ஒரு வாய் வைத்ததும் துப்புவான், நான் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடலாம்.

வரிசை நகர்ந்தது. பிள்ளைகள் சாய நீரில் பான்கேக்கை முக்கி எடுத்து விரல் நக்கின. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வால்ட் வந்தான். ஒரு கரண்டி ஊற்றி, கண்ணை மூடி, சப்புக்கொட்டினான்.

"யோவ் ஆர்வில்! இப்பதான்யா உனக்குக் கை வந்திருக்கு. நான் காய்ச்சினதைவிட ஒரு படி மேல!"

கூட்டம் கை தட்டியது. வால்ட் என்னை மெச்சினான், அதுவும் நாலு பேர் கேட்க! வாய் வரை வந்த உண்மை அங்கேயே நின்றது. கிரெட்சன் குடுவையும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிய்யா செஞ்சே?" என்றான் வால்ட்.

"எல்லாம் பக்குவம்தான்" என்றேன். த்தூ. நான்தான் சொன்னேன், தொப்பியைக் கழற்றி, சிரித்துக்கொண்டே.