தளபதியின் தொடையெலும்பு

பழைய கல்லறையிலிருந்து தோண்டியெடுத்த தளபதியின் இடுப்பெலும்பு பெண்ணுடையதைப்போல அகன்றிருந்ததைக் கண்டதிலிருந்து ஆய்வாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லறைதான் மாறிவிட்டதோ என்று மரபணுச் சோதனையை மறுபடி செய்தார். தளபதியின் தங்கை வழியில் வந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியின் ரத்தத்தோடு எலும்பின் மரபணு ஒத்துப்போனது. ஆண் குரோமோசோம் மட்டும் இல்லவே இல்லை.

செய்தி கேட்ட அதிகாரி ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், எலும்புகள் பரப்பியிருந்த மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

“எங்க பெரிய பாட்டனாரைப் போய்ப் பொம்பளைங்கிறீங்களேம்மா! வேற எலும்பு கலந்திருக்கும்.”

“நானும் அப்படி இருக்கக்கூடாதான்னுதான் சார் திரும்பத் திரும்பப் பாத்தேன்.”

அவர் பார்வை தொடையெலும்பில் நின்றது. “இது ஏன் கோணியிருக்கு?”

“ஒடிஞ்சு, யாரும் நேரா வச்சுக் கட்டாமலே கூடியிருக்கு. சாகிற வரைக்கும் வலிச்சிருக்கும்.”

குதிரையிலிருந்து விழுந்த தளபதி, வைத்தியரைக் கூடாரத்துக்குள்ளேயே விடவில்லை என்பது அவர்கள் குடும்பம் மார்தட்டிச் சொல்லும் கதை.

“வீரம்னுல்ல நெனச்சோம்,” என்றார் அதிகாரி. “கால் ஒடிஞ்சு கெடந்தப்பகூட ஒருத்தரையும் தொடவிட முடியலையே.”

மேசையை மறுபடி ஒரு சுற்று வந்து, “அறிக்கையை மாத்தச் சொல்லத்தான் வந்தேன். வேண்டாம், உள்ளபடியே எழுதுங்க” என்றார்.

வெளியே போனவர் காரில் ஏறவில்லை. வாசலிலேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.